கணக்கு உதைக்கிறதா? கைக்கணக்கில் பிழை தேடும் வழி

இரவு நோட்டைத் திறந்து கூட்டிக் கழித்துப் பார்க்கிறீர்கள். நோட்டின்படி இருக்க வேண்டியது 1,840. பணப்பையில் இருப்பது 1,570. கணக்கு உதைக்கிறது.

இந்த இடத்தில் பலரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மறுபடி படிக்கத் தொடங்குவார்கள். அது வீண் வேலை. நாமே எழுதியதை நாமே படித்தால், எழுத நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும், தப்பு நழுவிவிடும். 270 என்கிற அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். அது எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால், எந்த வகைப் பிழை என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

தேடுவதற்கு முன்

கைக்கணக்கின் சூத்திரம் ஒன்றுதான்: முன்னிருப்பு, அதோடு வரவு, அதில் செலவைக் கழித்தால் கையிருப்பு. சிலர் செலவுகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு போவார்கள். முன்னிருப்பும் இருக்காது, வரவும் இருக்காது. அந்தப் பட்டியலில் பிழை இருந்தாலும் அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. உங்கள் நோட்டு அப்படிப்பட்டதென்றால் இப்போதே கையிலிருக்கும் பணத்தை எண்ணி, தேதி போட்டு, "முன்னிருப்பு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இங்கே சொல்வதெல்லாம் நாளையிலிருந்து உங்களுக்குப் பயன்படும்.

முன்னிருப்பு இருக்கிறதா? நல்லது. முதல் சந்தேகம் நோட்டின் மேல் வேண்டாம், எண்ணியதன் மேல் வரட்டும். புதுத் தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில், வண்டியில், சில்லறை போட்டுவைக்கும் டப்பாவில் கொஞ்சம் இருக்கும். ஒரே மொத்தமாக எண்ணாமல் எந்தத் தாள் எத்தனை என்று தனித்தனியாக எழுதி, பெருக்கி, கூட்டுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தைத் தூக்கியெறிய வேண்டாம். இரண்டாம் முறை எண்ணும்போது எந்த வரியில் மாறுகிறது என்று அது காட்டும்.

அடுத்தது கூட்டல். மேலிருந்து கீழாகக் கூட்டியிருந்தால் இப்போது கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள். ஒரே திசையில் மறுபடி கூட்டினால் அதே இடத்தில் அதே தப்பு மறுபடி வரும். 8-ம் 7-ம் சேரும் இடத்தில் ஒரு முறை 14 என்று சொன்ன வாய் அடுத்த முறையும் அதையே சொல்லும்.

பிறகு, எப்போதிலிருந்து? கடைசியாகக் கணக்கு நேரான நாளுக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தால் அதற்கு முந்தையது எதையும் தொட வேண்டாம். டிக் போடும் பழக்கம் இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. இடையில் எப்போதாவது பணப்பை காலியாகிப் போய்ப் பணம் எடுத்திருப்பீர்கள். அந்தத் தருணத்தில் கையிருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்பது உறுதி. நோட்டில் பணம் எடுத்த வரிக்கு முன்பு வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கேயே 270 மிச்சம் காட்டினால் பிழை அதற்கு முன்னால். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பின்னால். தேட வேண்டிய பக்கங்கள் ஒரே அடியில் குறைந்துவிடும்.

கையில் குறைவு, நோட்டில் அதிகம்

இதுதான் அதிகம் வரும் அறிகுறி. எழுதாமல் விட்ட செலவு என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

"நேற்றுக் காலை என்ன செலவு செய்தேன்" என்று நினைவைக் கேட்டால் அது கையை விரிக்கும். "நேற்று எங்கெல்லாம் போனேன், யாரைப் பார்த்தேன்" என்று கேளுங்கள். போன இடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தால் ஏதோ ஓரிடத்தில் பணப்பையைத் திறந்த ஞாபகம் வந்து நிற்கும். கைபேசியில் அழைப்புப் பட்டியல், எடுத்த படங்கள், வந்த குறுஞ்செய்திகள் இருக்கின்றன. செலவு அதில் இருக்காவிட்டாலும் அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்பது இருக்கும்.

விடுபடும் செலவுகளுக்கு என்று ஒரு ஜாடை உண்டு. ரசீது தராத செலவு, கையில் சுமையோடு கொடுத்த பணம், வேறொருவர் கேட்டு நீங்கள் நீட்டியது. இவற்றைவிட அதிகம் தப்புவது பெரிய செலவின் நிழலில் விழும் சின்னச் செலவு. மருத்துவருக்குக் கொடுத்தது தவறாமல் ஏட்டில் ஏறும். வண்டி நிறுத்தியதற்குக் கொடுத்தது ஏறாது. பெரிய தொகையை எழுதியதுமே அன்றைய வேலை முடிந்தது என்று மனம் ஏட்டை மூடிவிடும். அதனால் நோட்டில் பெரிய தொகை இருக்கும் நாட்களை முதலில் துருவுங்கள், அதன் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று.

வித்தியாசத்தின் முகத்தையும் பாருங்கள். 500, 1,000 என்று முழுசாக இருந்தால் கடையில் போனதாக இருக்க வாய்ப்புக் குறைவு. யாருக்கோ கைமாற்றாகவோ, வீட்டில் ஒருவர் கைச்செலவுக்கோ கொடுத்திருப்பீர்கள். 183 என்று உடைந்த எண்ணாக இருந்தால் ஏதோ வாங்கியிருக்கிறீர்கள். கைமாற்று என்று தெரிந்தால் அதைச் செலவில் எழுதக் கூடாது, திரும்பி வர வேண்டிய பணம் அது. கடைசிப் பக்கத்தில் தனியாகப் பெயர், தேதி, தொகை என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அது திரும்பி வரும் நாளில் கணக்கு மறுபடி உதைக்கும், இந்தத் தடவை எதிர்ப் பக்கமாக.

செலவு எதுவும் விடுபடவில்லை என்றால் வரவுப் பக்கம் போங்கள். வர வேண்டியதை வந்ததாக எழுதியிருக்கலாம். வங்கியிலிருந்து எடுத்ததை எடுத்த அன்றும் எழுதி, சீட்டைப் பார்த்து மறுநாளும் எழுதியிருக்கலாம்.

பத்து நிமிடம். அதற்கு மேல் தேடாதீர்கள். கிடைக்காத தொகையை "அனாமத்து" என்று ஒரு வரியாக எழுதி, நோட்டின் இருப்பைக் கையிருப்புக்குச் சமமாக்கிவிடுங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் விளங்காத தொகைக்கு வைத்திருந்த இடம்தான் இது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு: விளங்காத 270-ஐ ஏதோ ஒரு தலைப்பில் கற்பனையாகச் செருகுவது. இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வந்தால் பழைய வரியை அடிக்காமல், அன்றைய தேதியில் "அனாமத்திலிருந்து, இன்ன செலவுக்கு" என்று எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

கையில் அதிகம், நோட்டில் குறைவு

இது வந்தால் பலருக்குச் சந்தோஷம், தேடவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் தேட வேண்டும். மறந்த செலவு மறதியோடு போயிற்று. கையில் அதிகம் இருப்பது அநேகமாக நோட்டில் பொய்யான வரி ஒன்று இருப்பதற்கு அடையாளம்.

அந்தப் பொய் வரி பெரும்பாலும் இரட்டைப் பதிவு. கடையில் நின்றபடியே எழுதியது ஒன்று, இரவில் ரசீதைப் பார்த்து எழுதியது மற்றொன்று. வித்தியாசத் தொகை அப்படியே நோட்டில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அதற்கு ஜோடி அருகிலேயே இருக்கும். அடுத்தது, அட்டையிலோ கைபேசி வழியாகவோ கொடுத்ததை ரொக்கச் செலவில் எழுதியிருப்பது. வாங்கியது உண்மை, பணம் போனதும் உண்மை, ஆனால் போனது இந்தப் பையிலிருந்து அல்ல. மூன்றாவதாக, செய்யப் போகும் செலவை முன்கூட்டியே எழுதிவிட்டுப் பிறகு செய்யாமல் விட்டது. இன்னொன்றும் உண்டு: பணம் எடுத்ததை வரவில் எழுத மறந்திருப்பீர்கள். தொகை பெரிதாக, முழுசாக இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரசீதை எழுதி முடித்ததும் அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டால் இரட்டைப் பதிவு கிட்டத்தட்ட ஒழிந்துவிடும்.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது

எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ன் மடங்காகத்தான் இருக்கும். 71 என்பது ஏழு பத்தும் ஒன்றும். 17 என்பது ஒரு பத்தும் ஏழும். ஏழு இலக்கம் பத்தாம் இடத்திலிருந்து ஒன்றாம் இடத்துக்கு இறங்கும்போது 9 ஏழு இழக்கிறது, ஒன்று மேலே ஏறும்போது 9 ஒன்று பெறுகிறது. ஆக 9 ஆறு, 54.

இதைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். வித்தியாசத்தை 9-ஆல் வகுத்து வருவது ஒற்றை இலக்கமானால், அதுதான் இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். 54-ஐ வகுத்தால் 6. ஆகவே தேட வேண்டியவை பூஜ்யமும் ஆறும், ஒன்றும் ஏழும், இரண்டும் எட்டும், மூன்றும் ஒன்பதும் அடுத்தடுத்து நிற்கும் எண்கள். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் இன்னும் சுருங்கும். கையில் குறைவென்றால் செலவைக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள், எனவே செலவுப் பத்தியில் 06, 17, 28, 39 என்று முடியும் எண்களைப் பார்த்தால் போதும். கையில் அதிகமென்றால் 60, 71, 82, 93. முழு நோட்டையும் படிக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து வரிகள்தான் மிஞ்சும்.

வகுத்து வந்தது 30, 40 என்று பத்தின் மடங்கானால் மாறியது பத்தாம் இடமும் நூறாம் இடமும். தொடக்கத்தில் சொன்ன 270 அப்படிப்பட்டது. 9-ஆல் வகுத்தால் 30. எனவே நூறு, பத்து இடங்களில் மூன்று வித்தியாசப்படும் இலக்கங்கள் இருக்கும் எண்கள்: 520-ஐ 250 என்று எழுதியது, 410-ஐ 140 என்று எழுதியது போல.

இதே 9 இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். பூஜ்யம் ஒன்று விட்டுப்போவது. 300-ஐ 30 என்று எழுதினால் குறைவது 270, அதாவது 30-ன் ஒன்பது மடங்கு. 450-ஐ 45 என்று எழுதினால் 405, 45-ன் ஒன்பது மடங்கு. ஆகவே 9-ஆல் வகுத்து வந்த எண்ணையே நோட்டில் தேடுங்கள். 270-க்கு 30 என்று ஒரு செலவு எழுதியிருந்தால் அது உண்மையில் 300-ஆக இருந்திருக்குமா என்று ரசீதைப் பாருங்கள். இரண்டு பூஜ்யம் விட்டிருந்தால் வித்தியாசம் 99-ன் மடங்காக வரும்; 4,500-ஐ 45 என்று எழுதினால் 4,455 இடிக்கும், அதை 99-ஆல் வகுத்தால் 45.

எச்சரிக்கை ஒன்று. எந்த எண்ணும் சும்மாவே ஒன்பதில் ஒரு தடவை 9-ஆல் வகுபடும். அதனால் இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. மறந்த செலவு ஒன்று தற்செயலாக 270-ஆகவே இருந்திருக்கலாம். அதேபோல் வேறு வகைப் பிழை ஒன்றும் சேர்ந்திருந்தால் 9 பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

வித்தியாசம் 5, 6, அல்லது 50, 60, 600

கையெழுத்து. அவசரத்தில் எழுதிய 1 பிறகு 7-ஆகத் தெரியும், 0 மூடாமல் வால் நீட்டினால் 6-ஆகத் தெரியும். இரண்டிலும் 6, 60, 600 என்றுதான் இடிக்கும். 3 என்பதை 8 என்றும், 4 என்பதை 9 என்றும் படித்தால் 5, 50, 500. பிழை எழுதியதில் இல்லை, கூட்டும்போது படித்ததில் இருக்கிறது. ரசீதோடு ஒப்பிட வேண்டியதில்லை. அந்த இலக்கங்கள் வரும் வரிகளை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏழுக்கு நடுவில் சின்னக் கோடு போடப் பழகுங்கள். தப்பாக எழுதிய எண்ணின் மேலேயே அழுத்தித் திருத்தி எழுதுவதை விட்டுவிடுங்கள். 3-ஐ 5-ஆக்கி, 5-ஐ 6-ஆக்கிய இலக்கத்தை எழுதியவராலேயே ஒரு வாரம் கழித்துப் படிக்க முடியாது. ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் புதிதாக எழுதுவதே சரி. அடித்த எண் தெரிய வேண்டும்.

வித்தியாசம் இரட்டைப்படை, பாதி எங்கோ பார்த்த எண்

வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். அந்தப் பாதி நோட்டில் இருந்தால், அந்த வரி வரவா செலவா என்று பாருங்கள். பக்கம் மாறி ஏறியிருக்கும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்து 200 வாங்கினீர்கள். கடையோடு நடந்தது என்பதால் கை தானாகச் செலவுப் பத்தியில் எழுதிவிட்டது. வர வேண்டிய 200 வரவில்லை, போகாத 200 போனதாகியது, மொத்தம் 400 இடிக்கும். ஒற்றைப்படை வித்தியாசத்துக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை.

வித்தியாசம் சரியாக 10, 100, 1,000

கூட்டலில் மனக்கணக்காக மேலே கொண்டுபோக வேண்டிய இலக்கத்தை விட்டது, அல்லது இரண்டு முறை சேர்த்தது. வரிகளைப் பார்க்க வேண்டாம், கூட்டலை மட்டும் மறுபடி செய்யுங்கள். பக்கம் திரும்பும் இடத்தையும் பாருங்கள். முந்தைய பக்கத்தின் அடியில் இருக்கும் தொகையும் புதுப் பக்கத்தின் தலையில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள்.

சின்ன வித்தியாசம்தான், ஆனால் எப்போதும் ஒரே பக்கம்

ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைகிறது. அனாமத்தில் எழுதி நகர்ந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தற்செயலான பிழைகள் இரண்டு பக்கமும் சிதறும். ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். எட்டு வாரமும் குறைந்துகொண்டே இருந்தால் அது பிழை அல்ல, பழக்கம்.

பெரும்பாலும் முழுசாக்கி எழுதும் பழக்கம். 147 என்பது 140 ஆகிறது, 38 என்பது 30 ஆகிறது. கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை சமமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பதிவுக்குச் சராசரியாக 4.5 கரைகிறது, வாரத்தில் 30 பதிவென்றால் 135. முழுசாக்கித்தான் எழுதுவேன் என்றால் கிட்டத்தில் இருக்கும் பத்துக்கு எழுதுங்கள்: 147 என்பது 150, 38 என்பது 40, 32 என்பது 30. கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். அப்படியும் குறைந்துகொண்டே வந்தால், தினமும் செய்து தினமும் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. வாரத்தில் குறைந்த தொகையை ஏழால் வகுத்துப் பாருங்கள், அதன் அளவு தெரிந்துவிடும்.

எவ்வளவு வித்தியாசத்தைத் தேடாமல் விடலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. இடிக்கிற இரவில் முடிவு செய்தால், அன்றைய களைப்புதான் எல்லையைத் தீர்மானிக்கும்.

ரொக்கம் நேராகிறது, வங்கி இருப்பு மட்டும் ஒத்துவரவில்லை

இங்கே பிழையையும் தாமதத்தையும் பிரிக்கத் தெரிய வேண்டும். ஒரு தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் "வங்கியில் உண்டு, நோட்டில் இல்லை", வலப்பக்கம் "நோட்டில் உண்டு, வங்கியில் இல்லை" என்று தலைப்பிடுங்கள். இரண்டிலும் இருக்கும் வரிகளை டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சியவை தாளில் ஏறும்.

இடப்பக்கத்தில் விழுபவை அநேகமாக நோட்டில் ஏற வேண்டியவை: வங்கிக் கட்டணம், வட்டி, மாதாமாதம் தானாகப் போகும் சந்தா. சோதனைக்காலம் இலவசம் என்று சேர்ந்துவிட்டு மறந்த சந்தாக்கள் வெளியே வருவது இந்தத் தாளில்தான். வலப்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் தாமதம்: கொடுத்த காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை, அட்டையில் கொடுத்தது இன்னும் முடிவாகவில்லை. இவற்றுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த முறை தானாக மறையும். மறையவில்லை என்றால்தான் விசாரிக்க வேண்டும். விடுதி அறை, வாடகை வண்டி போன்றவற்றுக்கு அட்டை கொடுத்தால் முதலில் ஒரு தொகையை நிறுத்திவைத்துப் பிறகு உண்மையான தொகையை எடுப்பதுண்டு. நிறுத்திவைத்ததைச் செலவாக எழுதிவிட்டால் கொஞ்ச நாள் குழப்பம்தான்.

இந்த வகையில் நான் பார்க்கும் மிகப் பெரிய பிழை இடமாற்றத்தைச் செலவாக எழுதுவது. வங்கியிலிருந்து 5,000 எடுத்தால் அது செலவு அல்ல. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனது. எடுத்ததையும் செலவென்று எழுதி, அதிலிருந்து கொடுத்ததையும் செலவென்று எழுதினால் மாதச் செலவு ஊதிப் பெருக்கும். வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையில் (மேலே பிழையாகச் சொன்ன இரட்டைப் பதிவு அல்ல இது) இந்தத் தொல்லை வராது. 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி அதை விளக்கியிருக்கிறார்: ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு இடத்தில் ஏற வேண்டும், ஓரிடத்தில் பற்று, மற்றோரிடத்தில் வரவு. வீட்டுச் செலவுக்கு அந்த முழு ஏற்பாடு தேவையில்லை. இடமாற்றத்துக்கு மட்டும் அதைக் கடன் வாங்குங்கள்: வங்கிப் பக்கத்தில் கழித்து, ரொக்கப் பக்கத்தில் கூட்டி, செலவுப் பத்தியில் கை வைக்காமல் விடுங்கள்.

கடன் அட்டையும் இதே கதை. வாங்கிய அன்றே செலவில் எழுதி "அட்டை" என்று குறியிட்டால், பில் கட்டும் நாளில் அது இடமாற்றம். பில் கட்டும்போதுதான் எழுதுவேன் என்றால் வாங்கும்போது எழுதக் கூடாது. முதல் வழிதான் மேல். இரண்டாவதில் எதற்குச் செலவானது என்பது ஒற்றைத் தொகைக்குள் புதைந்துபோகும்.

கணக்கு நேராகிறது, ஆனால் பணம் எங்கே போனது என்று தெரியவில்லை

கூட்டல் பிழை எதுவும் இல்லை, ஆனாலும் நோட்டு ஊமையாக இருக்கிறது. பக்கத்தைத் திருப்பி "இதர" என்ற தலைப்பைப் பாருங்கள். அது முதல் மூன்று பெரிய தலைப்புகளில் ஒன்றாக வந்துவிட்டால் அதை உடைக்க வேண்டிய நேரம். அதற்குள் மூன்று தடவைக்கு மேல் வந்த எதுவானாலும் தனித் தலைப்புக்குத் தகுதி உண்டு. ஆனால் உற்சாகத்தில் இருபது தலைப்பு போடாதீர்கள். எதில் எழுதுவது என்று யோசிக்க வைக்கும் நோட்டை யாரும் தொடர்ந்து எழுதுவதில்லை. எட்டு, பத்து போதும்.

இன்னொரு காரணம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு. காப்பீடு, கல்விக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு. அவை வந்த மாதம் மட்டும் கணக்கு தலைகீழாகத் தெரியும், மற்ற மாதங்கள் பொய்யாக நன்றாகத் தெரியும். ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, 6,000 என்றால் மாதம் 500 என்று ஒதுக்கித் தனியாக வையுங்கள். ஒதுக்கியது இடமாற்றம், கட்டும்போதுதான் செலவு.

சில சமயம் கணக்கு நேராவதே ஏமாற்று. 50 விடுபட்டு, வேறு 50 இரண்டு முறை ஏறியிருந்தால் இருப்பு நேராகத்தான் வரும். மாதாமாதம் தவறாமல் வரும் செலவு ஏதாவது இந்த மாதம் காணோமா, ஒருமுறையே வர வேண்டியது இரண்டாக நிற்கிறதா என்று போன மாதப் பக்கத்தோடு ஒரு பார்வை போதும்.

வீட்டில் இருவர் எழுதுகிறார்கள், யாருடையதும் நேராகவில்லை

கொடுத்தவர் "வீட்டுச் செலவு 2,000" என்று எழுதுகிறார். வாங்கியவர் அதில் செய்த ஒவ்வொரு செலவையும் எழுதுகிறார். இரண்டையும் சேர்த்தால் 4,000. இதுவும் இடமாற்றப் பிழைதான், ஆள் மாறியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசியாகக் கடைக்காரரிடம் பணம் நீட்டிய கை எதுவோ அந்தக் கைதான் செலவென்று எழுத வேண்டும். மற்றவர் "கொடுத்தது" என்று எழுதுவார், வாங்கியவர் "வந்தது" என்று எழுதுவார்.

ஒரே நோட்டில் இருவர் எழுதுவது பெரும்பாலும் நீடிக்காது. ஒருவர் வெளியே போகும்போது நோட்டு வீட்டில் இருக்கும். ஆளுக்கொரு சிட்டை (சின்னக் குறிப்பேடு) வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை இரண்டையும் பெரிய நோட்டில் ஏற்றுங்கள். ஏற்றும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதினால் இலக்கம் இடம் மாறும் பிழை அங்கேயே பிடிபடும். எழுதியவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்த உட்காரலில் "இதற்கு ஏன் இவ்வளவு" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் சிட்டையில் வரிகள் குறையும். கேட்க வேண்டியதை வேறு நாளில் கேளுங்கள்.

நடுவில் பல நாட்கள் எழுதவே இல்லை

விட்ட நாட்களை நினைவிலிருந்து நிரப்ப உட்காராதீர்கள். மூன்று நாளுக்கு மேல் பின்னால் போனால் நீங்கள் எழுதுவது நினைவு அல்ல, ஊகம். ஊகத்தை எண்ணாக எழுதினால் மற்ற வரிகளின் நம்பகமும் கெடும். நோட்டைக் கைவிடவும் வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

1. கடைசியாக எழுதிய தேதியில் இருப்பைப் போட்டு, அடியில் கோடு இழுங்கள்.
2. இன்று கையிலும் வங்கியிலும் இருப்பதை எண்ணி எழுதுங்கள்.
3. இடையில் வந்த வரவை மட்டும் தேடிப் பிடியுங்கள். வரவு சில வரிகள்தான் இருக்கும், தேடுவது எளிது.
4. வங்கிப் பட்டியலில் இருக்கும் செலவுகளை அதிலிருந்தே பார்த்து எழுதுங்கள். எடுத்த ரொக்கத்தை இடமாற்றமாக எழுதுங்கள்.
5. மிஞ்சிய ரொக்க வித்தியாசம் முழுவதும் "அனாமத்து, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை" என்று ஒரே வரி.

அனாமத்து அந்த மாத மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மாதத்தின் தலைப்புவாரித் தொகைகளை வேறு மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். எது கூடியது, எது குறைந்தது என்று அதில் தெரிந்துகொள்ள முடியாது. மொத்தச் செலவை மட்டும் தாராளமாக ஒப்பிடலாம். இருப்பை எண்ணி எடுத்திருக்கிறீர்கள், வரவும் முழுசாக ஏறியிருக்கிறது. ஆகவே அந்த ஓர் எண் எழுதாத நாட்களையும் சேர்த்துச் சரியாகவே இருக்கும்.